ஏழு மணி என்று நான் சொன்னேன்

காணாமல் போனவர்கள் பற்றிய அறிவிப்புகளை ஒரு தமிழ் நாளிதழின் பெங்களூரு பதிப்பில் பல ஆண்டுகள் திருத்தியிருக்கிறேன். வயது, உயரம், நிறம், கடைசியாக உடுத்தியிருந்த உடை, பேசும் மொழிகள், தொடர்பு எண். நான்கு வரிக்கு மேல் போனால் வெட்டிவிடுவேன். "மனநிலை சற்றே பாதிக்கப்பட்டவர்" என்று குடும்பத்தார் எழுதிக் கொடுத்தால் "சற்றே" என்பதை அடிப்பேன்.

மூன்று வாரங்களுக்கு முன் ஒரு செவ்வாய்க்கிழமை காலை காவல் நிலையத்தில் உட்கார்ந்து என் அண்ணனுக்காக அந்த நான்கு வரிகளை எழுதினேன். எழுபத்து நான்கு வயது. ஐந்தடி பத்து அங்குலம். மாநிறம். வெள்ளைச் சட்டை, வெள்ளை பேன்ட், கறுப்பு ஷூ. தமிழ், கன்னடம், இந்தி, ஆங்கிலம் பேசுவார். இடது காது கேட்காது, வலது காது பாதி கேட்கும். மறதி நோய் உண்டு.

கான்ஸ்டபிள் படித்துவிட்டு, "எஷ்டு நீட்டாகி பர்திதீரா சார்" என்றார். எவ்வளவு நன்றாக எழுதியிருக்கிறீர்கள் என்று பாராட்டு. எழுதியதில் பிழை இல்லை. எழுதாமல் விட்டது ஒன்று இருந்தது. அண்ணன் எதற்காக வீட்டை விட்டுக் கிளம்பினார் என்பது எனக்குத் தெரியும். அதைக் கான்ஸ்டபிளிடமும் சொல்லவில்லை, வேறு யாரிடமும் சொல்லவில்லை. இரண்டு நாட்கள் சொல்லவில்லை.

அண்ணன் அல்சூரிலிருந்து பதினேழு வயதில் கடற்படைக்குப் போனவர். பணிக்காலத்தின் பெரும்பகுதி ஒரு விமானந்தாங்கிக் கப்பலில் கழிந்தது. மேல்தளத்தில் விமானங்களை நகர்த்துவது, சக்கரத்தின் அடியில் கட்டை வைப்பது, கப்பல் ஆடும்போது விமானம் உருளாமல் சங்கிலி போட்டுப் பிணைப்பது, இதுதான் வேலை. லீவில் வரும்போது தெருவில் கேட்பார்கள், "இன்னா, பிளேன் ஓட்றியா?" என்று. "தள்றேன்" என்பார்.

அவர் சொன்னவற்றில் சில எனக்கு நன்றாக நினைவிருக்கின்றன. தளத்தின் மேல் பூசிய பெயிண்டில் மணல் போன்ற சொரசொரப்பு இருக்கும், வழுக்கி விழுந்தால் முட்டித் தோல் அங்கேயே தங்கிவிடும். விமானம் இறங்கும்போது குறுக்கே கட்டிய கம்பி அதன் கொக்கியைப் பிடிக்கும், அந்த அதிர்வு மூன்று தளம் கீழே தூங்குகிறவனின் பல்லில் தெரியும். பறக்கத் தொடங்குமுன் எல்லோரும் தளத்தின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை ஒரே வரிசையாக நின்று, குனிந்து பார்த்தபடி முழு நீளமும் நடப்பார்கள். கீழே கிடக்கும் ஒரு நட்டு, ஒரு கம்பித்துண்டு, எதுவானாலும் பொறுக்கிவிட வேண்டும். விட்டால் எஞ்சின் உறிஞ்சிக்கொள்ளும்.

நான்கு ஆண்டுகளுக்கு முன், ஈஜிபுராவில் அண்ணனும் அண்ணியும் குடியிருக்கும் வாடகை வீட்டின் நடைபாதையில் அண்ணன் அப்படிக் குனிந்து நடக்கத் தொடங்கினார். பக்கத்து வீட்டுக் குழந்தைகளின் ஹேர்பின், பிஸ்கட் உறை, உடைந்த கிளிப். பொறுக்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொள்வார். அண்ணி முதலில் சிரித்தார். பிறகு மருத்துவரிடம் அழைத்துப் போனார்.

அண்ணனோடு அதே கப்பலில் வேலை பார்த்தவர்கள் பெங்களூரில் ஐந்தாறு பேர் இருக்கிறார்கள். அவர்களில் மூத்தவர் சீஃப் பெட்டி ஆபீசர் என்ற கடற்படைப் பதவியில் ஓய்வுபெற்றவர். எல்லோரும் அவரை சீஃப் என்றுதான் கூப்பிடுவார்கள், அவர் மனைவி உட்பட. அவரும் அல்சூர்க்காரர். மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை யாராவது ஒருவர் வீட்டில் கூடுவார்கள். கடலில் இருந்தபோது வாந்தி எடுத்தவர் யார் என்பது அவர்களுக்குள் இன்றும் தீராத வழக்கு.

அவர்களுடைய கப்பல் இப்போது இல்லை. ஓய்வு கொடுத்து, சில காலம் மக்கள் பார்வைக்கு நிறுத்தி வைத்திருந்து, பிறகு உடைத்துவிட்டார்கள். பார்வைக்கு இருந்தபோது சீஃபும் அண்ணனும் ஒருமுறை ஒன்றாகப் போய் வந்தார்கள். "தொடாதீங்கன்னு போர்டு மாட்டி வெச்சிருக்கான்பா. பதினோரு வருசம் தொட்டுத் தொட்டு உள்ளங்கை தேஞ்சவன்கிட்ட தொடாதேங்குறான்" என்று சீஃப் பல ஞாயிற்றுக்கிழமைகள் சொன்னார். கப்பலை உடைக்க இழுத்துப் போன செய்தி வந்தபோது நான் பத்திரிகையில் இருந்தேன். அதற்கு நான் வைத்த தலைப்பு நான்கு சொற்கள்.

விசாகப்பட்டினம் போகலாம் என்பது என் யோசனை. அங்கே கடற்கரையில் ஒரு நீர்மூழ்கிக் கப்பலைக் கரையேற்றி அருங்காட்சியகமாக வைத்திருக்கிறார்கள். பழைய இடம், பழைய வாசனை கிடைத்தால் அண்ணனுக்கு ஏதாவது திரும்பும் என்று எங்கோ படித்திருந்தேன். சீஃப், இன்னும் இரண்டு பேர், அண்ணன், அண்ணி, நான். ரயிலில் அண்ணன் நன்றாக இருந்தார். மேல் படுக்கையில் ஏறிய சீஃபைப் பார்த்து, "கட்டிப் போடுங்கடா அவன, உருண்டுடுவான்" என்றார். எல்லோரும் சிரித்தோம். அண்ணி என் கையைத் தட்டி, "பாத்தீங்களா தம்பி" என்றார்.

நீர்மூழ்கியின் வாசலில் சீஃப் நின்றுவிட்டார். "நான் தண்ணிக்கு மேல பொழச்சவன். சாவறதுக்கு முன்னாடியே இன்னாத்துக்குப் பொட்டிக்குள்ள போவணும்? நீங்க போய்ட்டு வாங்க" என்று இளநீர்க்காரரிடம் போனார். அண்ணிக்கு மூச்சு முட்டும் என்பதால் அவரும் வெளியிலேயே இருந்தார். நான் அண்ணனை முன்னால் விட்டு உள்ளே போனேன்.

உள்ளே ஒருவர் பின் ஒருவராகத்தான் நகர முடியும். இரண்டு பக்கமும் குழாய்களும் சக்கரத் திருகுகளும். பாதி வழியில், சுவரோடு ஒட்டிய ஒரு படுக்கையில் அண்ணன் உட்கார்ந்துவிட்டார். ஷூவைக் கழற்றி ஒழுங்காக ஓரத்தில் வைத்தார். பின்னால் ஒரு பள்ளிக்கூடமே நின்றது. வழிகாட்டி ஒரு முன்னாள் நீர்மூழ்கி வீரர், பொறுமையாக இந்தியில் கேட்டுப் பார்த்தார். அண்ணன் அசையவில்லை.

"என் வாட்ச் இன்னும் முடியல. ரிலீவர் வரல" என்றார். கப்பலில் காவல் முறையை வாட்ச் என்பார்கள்.

பிள்ளைகள் சிரிக்க ஆரம்பித்தார்கள். ஒரு ஆசிரியை, "நகருங்கள் சார், காற்று வரவில்லை" என்றார். எனக்கு வியர்த்தது. குனிந்து அண்ணனின் வலது காதருகில் சொன்னேன்.

"அண்ணா, இது உன் ஷிப் இல்ல. உன் ஷிப் ஹார்பர்ல நிக்குது. வா, போலாம்."

அண்ணன் என்னைப் பார்த்தார். பல மாதங்களாக நான் பார்க்காத பார்வை, தெளிவாக என்மேல் நின்றது.

"லிபர்ட்டி எத்தன மணி வரைக்கும்?"

கரைக்கு இறங்க அனுமதி பெற்றவர்கள் கப்பலுக்குத் திரும்ப வேண்டிய நேரம் அது. எனக்கு அந்த அளவுக்குத் தெரியும். "காலைல ஏழு மணி" என்றேன்.

"சரி" என்று ஷூவை மாட்டிக்கொண்டு எழுந்தார். ஒரு நிமிடத்தில் வரிசை நகர்ந்தது. வழிகாட்டி எனக்கு நன்றி சொன்னார். சாமர்த்தியமாகச் சமாளித்துவிட்டேன் என்றுதான் அப்போது நினைத்தேன்.

பெங்களூர் திரும்பிய மறுநாள் காலை நான்கு மணிக்கு அண்ணன் எழுந்துவிட்டார். குளித்து, மழித்து, வெள்ளைச் சட்டை வெள்ளை பேன்ட் போட்டுக் கதவருகில் நின்றார். அடுத்த நாளும் அப்படியே. அண்ணி கதவுக்கு உள்பக்கம் பூட்டுப் போட்டுச் சாவியை இடுப்பில் செருகிக்கொள்ளத் தொடங்கினார். ஏழு மணி வரை நிற்பார், பிறகு நடுங்கத் தொடங்குவார். எட்டு மணிக்கு மறந்து இட்லி சாப்பிடுவார்.

அந்த வாரமே போய் உண்மையைச் சொன்னேன். "அண்ணா, அந்தக் கப்பல உடைச்சிட்டாங்க. இப்ப இல்ல." அண்ணன் அழுதார். வீட்டில் சாவு விழுந்ததைப் போல வாய்விட்டு அழுதார், யார் யார் உள்ளே இருந்தார்கள் என்று கேட்டார். மறுநாள் காலை நான்கு மணிக்கு எழுந்து மழித்துக்கொண்டார். உடைத்தது மறந்துபோயிருந்தது. ஏழு மணி மறக்கவில்லை. அதன்பின் நான் உண்மையைச் சொல்லவில்லை.

அந்தச் செவ்வாய்க்கிழமை அண்ணிக்கு ரத்தப் பரிசோதனை இருந்தது. வெறும் வயிற்றில் போக வேண்டும். ஐந்தரை மணிக்கு நான் வந்துவிட்டேன். அண்ணி சாவியை என் கையில் வைத்து, "கதவத் தொறந்தா பூட்டிடுங்க தம்பி, மறந்துடாதீங்க" என்று இறங்கிப் போனார். ஆறு மணிக்கு, அண்ணன் குளியலறையில் இருந்தபோது, வாசலில் பேப்பர் விழும் சத்தம் கேட்டது. திறந்து எடுத்தேன். முதல் பக்கத்திலேயே ஒரு தலைப்பில் எழுத்துப் பிழை. பேனாவை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். ஓய்வுபெற்ற பின்னும் விடாத பழக்கம், பிழைகளை வட்டமிடுவது. ஐந்தாம் பக்கம் முடித்து நிமிர்ந்தபோது மணி ஆறு இருபத்தைந்து. கதவு பாதி திறந்திருந்தது. தொலைபேசி எண் பொறித்து அண்ணி அவர் கழுத்தில் மாட்டிவிட்டிருந்த தகடு குளியலறைக் கொக்கியில் தொங்கியது.

சீஃப் முக்கால் மணி நேரத்தில் வந்துவிட்டார். விசாகப்பட்டினம் வந்த மற்ற இருவரையும் ஆட்டோவில் வரவழைத்தார். சுவரில் தொங்கிய காலண்டரின் ஒரு தாளைக் கிழித்துப் பின்பக்கத்தில் வீட்டைப் புள்ளியாக வைத்தார். அதைச் சுற்றி ஒரு சதுரம், அதைவிடப் பெரிதாக இன்னொரு சதுரம், அதற்கு வெளியே இன்னொன்று.

"கடல்ல ஆள் வுழுந்தா இப்படித்தான் தேடுவோம்" என்று அண்ணிக்கு விளக்கினார். "கடேசியாப் பாத்த எடத்துலேந்து சதுரம் சதுரமா வெளிய போவணும். ஒரு எடம் விடக்கூடாது. ஒரு தபா டெக்குல ஜெட்டுக் காத்து அடிச்சி ஒரு பையனத் தூக்கிக் கடல்ல போட்டுச்சு. இவன்தான் பாத்தான். பாத்தவன் கைய நீட்டிக் காமிச்சிக்கினே நிக்கணும், கண்ண எடுக்கக்கூடாது, அதான் ரூலு. உன் புருசன் நாப்பது நிமிசம் கைய எறக்கல. ஹெலிகாப்டர் தூக்கிக்கினு வந்துச்சு, உயிரோட. கெடைப்பான்மா, பயப்படாத."

கண்ணை எடுத்தவன் நான். அதை யாரும் சொல்லவில்லை. அண்ணி கையில் ஒட்டியிருந்த பஞ்சைக்கூட எடுக்காமல் செருப்பை மாட்டிக்கொண்டார்.

முதல் நாள் இரண்டு சதுரம். ஈஜிபுராவின் சந்துகள், மேம்பாலத் தூண்களுக்கு அடியில் கிடந்த குழாய்கள், கோயில்கள், கட்டுமான இடங்கள், பார்க்குகள். எழுபதைத் தாண்டிய மூன்று பேர் முட்டி வலியோடு வரிசை தவறாமல் தெருத் தெருவாக நடந்தார்கள். சீஃப் ஒவ்வொரு தெருவையும் தாளில் அடித்தார். இரண்டாம் நாள் மழை. ராஜகாலுவே என்று இங்கே சொல்லும் பெரிய வடிகால் நிரம்பி ஓடியது. அதன் கம்பி வலையில் வந்து சிக்கியிருந்த குப்பையை சீஃப் ஒரு மூங்கிலால் கிளறிக் கிளறிப் பார்த்தார். அண்ணி குடை பிடித்திருந்தார். வெள்ளையாக ஒன்று தெரிந்தது. அண்ணியின் குடை கீழே போய்விட்டது. சீஃப் மூங்கிலால் அதை இழுத்தார். அரிசிப் பை.

அன்று மாலை அரசு மருத்துவமனை ஒன்றின் பிணவறையிலிருந்து அழைப்பு வந்தது. அடையாளம் தெரியாத முதியவர், வெள்ளைச் சட்டை. நானும் சீஃபும் போனோம். அண்ணனின் வலது கால் பெருவிரலில் நகம் கிடையாது, ஒரு விமானச் சக்கரம் எடுத்தது. துணியைக் காலிலிருந்து தூக்கச் சொன்னேன். பத்து நகமும் இருந்தன. எனக்கு வந்த மகிழ்ச்சியை நான் எழுத விரும்பவில்லை. அந்த மனிதரையும் யாரோ தேடிக்கொண்டிருந்திருப்பார்கள்.

வெளியே டீக்கடையில் சீஃப் நனைந்த காலண்டர் தாளை விரித்தார். "நாளைக்கு டொம்லூர் சைடு. அப்பறம் கோரமங்களா. நாலாவது சதுரம்." இரண்டு நாளில் அவர் கன்னம் ஒட்டியிருந்தது. இதற்கு மேல் என்னால் முடியவில்லை.

"சீஃப், அண்ணன் வழி தவறிப் போகல. கப்பலுக்குப் போயிருக்கார்."

"எந்தக் கப்பலு?"

சொன்னேன். படுக்கை, பள்ளிப் பிள்ளைகள், ஹார்பர், ஏழு மணி, எல்லாம். சீஃப் டீ கிளாஸைக் கீழே வைத்தார்.

"ரெண்டு நாளு" என்றார். "ரெண்டு நாளு தண்ணியில வுழுந்தவனத் தேட்ற மாதிரி தேடிக்கினு இருந்தனேய்யா. வுழுந்தவன் மெதப்பான். அங்கியே சுத்திச் சுத்திக் கெடப்பான். இவன் டூட்டிக்குப் போறான். நேராப் போவான். பஸ்ஸோ ரயிலோ மொதல்ல வர்றதுல ஏறிக்குவான். ஒனக்குத் தெரியுமா, கப்பல் கெளம்பறப்ப கரையில நின்னுட்டவன் கதி? அதவிடக் கேவலம் எங்களுக்குக் கெடையாது. ஏழுன்னா ஆறரைக்கே கப்பல்ல ஏற்ற கேங்வேல நிக்கறவன்யா அவன்."

"தெரியல சீஃப்."

"தெரியும் ஒனக்கு. பேப்பர்காரன்தானே நீ. எது நியூஸுன்னு தெரியாதா?" குரலை உயர்த்தவில்லை. பிறகு கேட்டார், "எந்த ஹார்பருன்னு சொன்ன?"

"ஹார்பர்னு மட்டும்தான்."

சீஃப் கண்ணை மூடிக்கொண்டார். சொன்ன இடம் விசாகப்பட்டினம். ஆனால் அவர்களுடைய கப்பலின் சொந்தத் துறைமுகம் மும்பை. பழுதுபார்க்க நின்ற நாட்கள் கொச்சியில். என் பொய்யில் ஊரின் பெயர் இல்லாததால் அண்ணன் எந்தத் திசைக்கும் போயிருக்கலாம். முப்பது ஆண்டுகள் மற்றவர்களின் செய்தியில் "எந்த ஊர்?" என்று ஓரத்தில் எழுதித் திருப்பி அனுப்பியவன் நான்.

மூன்றாம் நாள் காலண்டர் தாளை விட்டுவிட்டு நகரத்தின் பெரிய ரயில் நிலையத்துக்குப் போனோம். அண்ணனின் படத்தை ஒவ்வொருவரிடமும் காட்டினோம். மதியம் ஒரு போர்ட்டர் படத்தை நெடுநேரம் பார்த்தார். உயரமான தாத்தா, வெள்ளை உடை, ஆமாம் என்றார்.

"ஹார்பர் வண்டி எந்த பிளாட்பார்ம்னு கேட்டாரு சார். இங்க ஹார்பரே இல்லியே தாத்தான்னேன். திட்டினாரு. அப்பறம் ஓடற மாதிரி போனாரு."

"எந்தப் பக்கம்?"

"அந்தப் பக்கம்" என்று பாலத்தைக் காட்டினார். அந்தப் பாலத்தில் எல்லா பிளாட்பாரங்களுக்கும் இறங்கலாம். எந்த நாள் என்று கேட்டோம். செவ்வாய் என்றார். பிறகு, திங்களாகவும் இருக்கலாம் என்றார். திங்கட்கிழமை அண்ணன் வீட்டில் இருந்தார். ரயில்வே காவலர்கள் கேமராப் பதிவுகளைத் தேடிப் பார்த்தார்கள். அந்தக் காலை நேரத்தில் பாலத்தில் ஏகப்பட்ட கூட்டம். ஒரு வெள்ளைச் சட்டை, ஒரு தோள், ஒரு வழுக்கைத் தலை. அண்ணி திரையைத் தொட்டு, "இவருதான்" என்றார். அடுத்த பதிவில் இன்னொருவரைத் தொட்டு, "இல்ல, இவரு" என்றார்.

சீஃப் வீட்டில் உட்கார்ந்து தொலைபேசியில் வேலை செய்தார். கப்பலில் அவருக்குக் கீழே இருந்தவர்கள், அவர்களுக்குத் தெரிந்தவர்கள். மும்பையில் இரண்டு பேர் கடற்படைக் கப்பல் தளத்தின் வாசல்களில் காலை ஆறு முதல் எட்டு வரை முறை வைத்து நின்றார்கள். கொச்சியில் ஒருவர், கடற்படைத் தளம் உள்ள கார்வாரில் ஒருவர். எல்லோரும் எழுபதை ஒட்டியவர்கள். தினமும் ஒன்பது மணிக்கு சீஃபுக்குக் குறுஞ்செய்தி வரும். எல்லாவற்றிலும் "இல்லை" என்ற ஒரே சொல். பத்தாம் நாளுக்கு மேல் அவர் எனக்கு அவற்றை அனுப்புவதை நிறுத்தினார். என்னோடு பேசுவதையும் ஏறக்குறைய நிறுத்திவிட்டார்.

விசாகப்பட்டினத்துக்கு நான் போனேன். துறைமுக வாசல்கள், ரயில் நிலையம், மருத்துவமனைகள், முதியோர் இல்லங்கள், கோயில் அன்னதான வரிசைகள். நான்கு நாட்கள். கடைசியாக அந்த நீர்மூழ்கிக்குப் போனேன். அதே வழிகாட்டி. என்னை நினைவு வைத்திருந்தார். படத்தைப் பார்த்ததும், "ஷூவைக் கழற்றினவர்" என்றார். வரவில்லை, வந்திருந்தால் தெரிந்திருக்கும் என்றார்.

நான் நகரவில்லை. உள்ளே ஒருமுறை பார்க்க வேண்டும் என்றேன். ஒவ்வொரு மாலையும் பூட்டுமுன் முழுக்கச் சரிபார்க்கிறோம், உள்ளே ஆள் இருக்க வழியே இல்லை என்றார். தெரியும், ஆனாலும் பார்க்க வேண்டும் என்றேன். அவர் என் முகத்தைப் பார்த்தார். கடைசிப் பார்வையாளர்கள் வெளியேறும் வரை என்னை நிறுத்தி வைத்து, டார்ச்சை எடுத்துக்கொண்டு கூட வந்தார். முன்னறையிலிருந்து பின்னறை வரை. படுக்கைகளின் கீழே, குழாய்களுக்குப் பின்னே, சமையலறை மூலையில், ஒரு ஆள் நுழைய முடியாத இடங்களில்கூட வெளிச்சம் காட்டினார். ஒவ்வொரு அறை முடிந்ததும் அவர் "கிளியர்" என்றார். நான் தலையசைத்தேன். அண்ணன் உட்கார்ந்த படுக்கை எது என்று எனக்கு உறுதியாகச் சொல்லத் தெரியவில்லை. எல்லாம் ஒன்றுபோல் இருந்தன.

வெளியே வந்து கடற்கரைச் சுவரில் உட்கார்ந்து அண்ணியை அழைத்தேன். முதல் மணியிலேயே எடுத்தார்.

"இங்க இல்ல அண்ணி. வரவே இல்லயாம்."

"சரி" என்றார். "சாப்ட்டீங்களா?"

அப்போதுதான் சொன்னேன். சீஃபிடம் சொன்னதை அண்ணியிடம் நான் அதுவரை சொல்லியிருக்கவில்லை. ஏழு மணி என்று அண்ணனுக்குச் சொன்னது நான்தான், இரண்டு நாட்கள் யாரிடமும் சொல்லாமல் இருந்ததும் நான்தான் என்றேன்.

பின்னால் குக்கர் விசில் கேட்டது.

"அவருதான் தெனம் சொல்வாரே தம்பி. 'தம்பி சொல்லிட்டான், ஏழு மணிக்குள்ள போவணும், பூட்டத் தொற'ன்னு. மொத நாளே எனக்குத் தெரியும்."

"அப்ப ஏன் அண்ணி சீஃப் கிட்ட நீங்க சொல்லல?"

"நீங்க சொல்லியிருப்பீங்கன்னு நெனச்சேன். நீங்க எழுதிக் குடுத்த கம்ப்ளைன்ட்டுல இருக்கும்னு நெனச்சேன். நான் அதப் படிச்சிப் பாக்கல. ஒங்க எழுத்தாச்சேன்னு விட்டுட்டேன்."

அண்ணி குக்கரை அணைக்கும் சத்தம் கேட்டது.

"அங்க இல்லன்னா மும்பைதான்" என்றார். "அந்த ஊருதான் அவருக்கு நல்லாத் தெரியும். சீஃபோட ஆளுங்க கேட்டுலதான நிக்கறாங்க. அவங்களுக்கு அவரோட இப்பத்திய மூஞ்சி தெரியாது, மெலிஞ்சிட்டாரு. நடைய வெச்சிக் கண்டுபிடிக்கணும். அது எனக்குத்தான் தெரியும். நானும் வரேன். போறதுக்கு ரெண்டு டிக்கெட் போடுங்க தம்பி."

"திரும்பறதுக்கு எந்தத் தேதி அண்ணி?"

"ஒரு வாரம் கழிச்சி ஏதாவது ஒண்ணு. அதுல மூணு போடுங்க."

சுவரில் உட்கார்ந்தபடியே போனில் முன்பதிவைத் திறந்தேன். போவதற்கு இரண்டு பேர், வரும் வியாழக்கிழமை. திரும்புவதற்குப் பயணிகள் பட்டியலில் அண்ணி, நான். மூன்றாவது வரியில் அண்ணனின் பெயரை எழுதினேன், வயது எழுபத்து நான்கு என்று எழுதினேன். கீழ்ப் படுக்கை வேண்டும் என்ற கட்டத்தில் குறியிட்டேன். மூன்றும் காத்திருப்போர் பட்டியலில் வந்தன. நான் உறுதி செய்யும் பொத்தானை அழுத்தினேன்.